குளத்துக்கு ஏர் பம்ப் என்று 14,800 ரூபாயை ஏமாற்றிய கடை: பெங்களூரு வாசிகள் கவனிக்கவும்

பெங்களூரில் வீட்டுப் பின்புறம் சிறிய மீன் குளம் வைத்திருப்பவர்களும், வைக்க நினைப்பவர்களும் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஒரு வண்ண மீன் கடை என்னிடம் 14,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, குளத்துக்கு ஆகாத ஏர் பம்ப்பைத் தலையில் கட்டி, அதையும் தப்பும் தவறுமாகப் பொருத்தி, என் மீன்களைச் சாகடித்துவிட்டது. இன்று மதியம் அந்தக் கடைக்குப் போய் அவமானப்பட்டுத் திரும்பிய சூட்டோடு எழுதுகிறேன். ஏர் பம்ப்பைத் தேர்ந்தெடுப்பது, பொருத்துவது பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நடந்ததை முதலில் கேளுங்கள்.

எங்கள் வீடு ராமமூர்த்தி நகரில் இருக்கிறது. குளம் 10 அடி நீளம், 6 அடி அகலம், 4 அடி ஆழம். பாதி தரைக்குள், பாதி தரைக்கு மேல் சுவர் எழுப்பிக் கட்டியது. கிட்டத்தட்ட 6,800 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கோய் எனும் பெரிய வண்ண மீன்கள் ஒன்பது, கொஞ்சம் தங்கமீன். மார்ச் மாதத்தில் வெயில் ஏறியதும் தண்ணீர் பச்சையானது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பகலில் பாசி பிராணவாயுவை வெளியிடும். இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து பிராணவாயுவை இழுக்கும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் பிராணவாயுவும் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையக்கூடியது 30 டிகிரியில் ஏழரையாகிவிடும். அது கடல் மட்டத்துக் கணக்கு. பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே அதைவிடவும் குறைவு. ஆகவே ஏர் பம்ப் அவசியம் என்று முடிவு செய்து, குளத்தின் அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வண்ண மீன், தொட்டி, தீவனம் எல்லாம் விற்கிற, பார்த்தால் பத்துப் பேர் வந்துபோகிற கடை. நான் கன்னடத்தில்தான் கேட்டேன். கையிலிருந்த தாளில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் கடைக்காரர் முகம் மலர்ந்தது. "எந்த ஊர் அக்கா?" என்றார். திருவண்ணாமலைப் பக்கம் என்றேன். "நான் போளூர் அக்கா, நம் ஊர்க்காரர் வந்திருக்கிறீர்கள்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார். என் அம்மாவின் உடம்பை விசாரித்தார். தாளை வாங்கி நிதானமாகப் படித்து, கால்குலேட்டரைத் தட்டி, "நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்றுத் தரும் பம்ப் போட்டால் தாராளம். சில கடைகளில் தொட்டிக்குப் போடும் பம்ப்பைக் குளத்துக்குக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், ஏமாந்துவிடாதீர்கள். என் சொந்த வீட்டுக்குச் செய்வதைப் போல் செய்து தருகிறேன்" என்றார்.

எச்சரித்தது அவர்தான்! எந்தத் திருட்டைச் செய்யப் போகிறாரோ அதையே எனக்கு விளக்கிச் சொல்லி, அதன் மூலமே என் நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டார்.

பிறகு ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் ஊற்றி, பம்ப்பை இயக்கிக் காட்டினார். தண்ணீர் கொதிப்பது போலக் குமிழிகள் பொங்கின. அந்த டப்பில் ஒரு அடித் தண்ணீர்கூட இல்லை. என் குளமோ நான்கு அடி. மோசடி முழுவதும் அந்த டப்பில்தான் இருந்தது. பம்ப் 9,500, காற்றைச் சிறு குமிழிகளாக்கித் தண்ணீரில் விடும் ஏர் ஸ்டோன் என்ற கல்லும் குழாயும் 1,800, பொருத்தும் கூலி 3,500, ஆக மொத்தம் 14,800 ரூபாய். பில் கேட்டேன். "வேலை முடிந்ததும் வாரண்டி அட்டையோடு சேர்த்துப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன் அக்கா" என்று, தலைப்பில் எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார். பணத்தை அனுப்பச் சொல்லிக் காட்டிய யுபிஐ அட்டையில் கடைப் பெயர் இல்லை, யாரோ ஒரு தனிநபரின் பெயர் இருந்தது. தம்பியின் கணக்கு என்றார்.

மறுநாள் ஒரு பையன் வந்து அரை மணி நேரத்தில் வேலையை முடித்தான். பம்ப்பைச் சுவரோரம் தரையிலேயே வைத்தான். மழைத் தண்ணீர் வழிந்து வெளியேற நீர்மட்டத்தில் விட்டிருந்த துளை வழியாகக் குழாயை நுழைத்தான். தொட்டிகளுக்குப் போடும் மெல்லிய குழாய், இருபது அடி நீளத்துக்கு. பம்ப்பின் மேல் காற்றோட்டமே இல்லாத ஒரு டப்பாவைக் கவிழ்த்து, மழைக்குப் பாதுகாப்பு என்றான். பில்லையும் வாரண்டி அட்டையையும் கேட்டதற்கு, "அண்ணன் கொடுத்துவிடவில்லையே" என்று கிளம்பிவிட்டான்.

முதல் நாளிலிருந்தே குமிழி சரியில்லை. மூலையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். போன் செய்தேன். "புதுக் கல் அக்கா, ஊறட்டும்." இன்னொரு முறை செய்தேன். "பாசி அடைத்திருக்கும், பையனை அனுப்புகிறேன்." பையன் வரவில்லை.

போன வாரம் இடி மழையோடு கரண்ட் போனது. பெங்களூரில் கோடை மழை வந்தால் கரண்ட் போவது யாருக்குத் தெரியாது? பம்ப் நின்றதும், அதைவிட உயரத்தில் இருந்த குளத்துத் தண்ணீர் குழாய் வழியாக இறங்கிப் பம்ப்புக்குள் புகுந்துவிட்டது. விடியும் முன் கரண்ட் திரும்பியபோது மின்கசிவைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. விழுந்து வீடே இருண்டது. காலையில் அம்மா தீவனம் போடப் போய் என்னைக் கத்திக் கூப்பிட்டார். ஒன்பது கோய்களில் ஏழு மிதந்தன. பிராணவாயு குறைந்தால் பெரிய மீன்கள்தான் முதலில் போகும், அப்படியே ஆயிற்று. தினமும் அந்தத் தண்ணீரில் கைவிட்டு மீன்களுக்கு ஊட்டுபவர் என் அம்மா. அந்த ஈ.எல்.சி.பி. மட்டும் வீட்டில் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைக்காரரின் டீயும் ஸ்டூலும் நினைவுக்கு வந்து வயிறு எரிகிறது.

என் சித்தப்பா மகன் நாகப்பட்டினத்தில் இறால் பண்ணையில் வேலை செய்கிறான். இரவும் பகலும் தண்ணீருக்குக் காற்றுக் கொடுப்பதே அவன் தொழில். வீடியோ அழைப்பில் பம்ப்பைத் திருப்பிக் காட்டச் சொன்னான். அடியில் 60 என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஈரத்தில் உரிந்து தொங்கியது. அதற்குக் கீழே கம்பெனியின் உண்மையான விவரம்: நிமிடத்துக்கு 20 லிட்டர், அழுத்தம் 0.015 மெகாபாஸ்கல். "அக்கா, பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு, ஆழமே இல்லாத இடத்தில் அளந்தது. ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் 0.01 மெகாபாஸ்கல் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டும். உங்கள் நான்கு அடிக்கே 0.012 போய்விடும். மீதி இருக்கும் கொஞ்ச நஞ்சத்தை இந்தச் சன்னக் குழாயும் பொடிக் கல்லும் தின்றுவிடும். சைக்கிள் பம்ப்பை வைத்துக்கொண்டு லாரி டயருக்குக் காற்றடிக்கச் சொல்லியிருக்கிறார்" என்றான். தண்ணீர் பின்னால் வராமல் தடுக்கும் நான் ரிட்டர்ன் வால்வு எங்கே என்று கேட்டான். எங்கும் இல்லை. மிகச் சிறிய பொருள், விலையும் மிகக் குறைவு. 14,800 ரூபாய் வாங்கியவருக்கு அதைப் போட மனம் வரவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். "கரண்ட் போனதற்கு நான் என்ன செய்வது, மின்வாரியத்தைக் கேளுங்கள்." ஸ்டிக்கரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. மறுபடி அழைத்தால், ஊருக்குப் போயிருக்கிறார், கோயில் திருவிழா என்றார்கள். அடுத்த நாள், பம்ப்பைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அதன் பிறகு என் எண்ணிலிருந்து அழைப்பே போகவில்லை.

இன்று நேரில் போனேன். ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது, உட்காரச் சொல்லவில்லை. "தண்ணீர் புகுந்த பம்ப்புக்கு வாரண்டி கிடையாது மேடம்" என்றார். அக்கா மேடம் ஆகிவிட்டேன். தண்ணீர் புகும்படி வைத்தது உங்கள் பையன் அல்லவா என்றேன். "அவன் எங்கள் ஆள் இல்லை, வெளி ஆள்." 3,500 ரூபாய்க் கூலியை வாங்கியது நீங்கள் அல்லவா என்றேன். "பில் இருக்கிறதா?" என்று கேட்டார். தான் கொடுக்காத பில்லை என்னிடமே கேட்கிறார்! எஸ்டிமேட் சீட்டை நீட்டினேன். அதைத் தொடக்கூட இல்லை. கடைப் பையனிடம் திரும்பி, கொஞ்ச நேரம் கத்திவிட்டுப் போய்விடுவார், நீ வேலையைப் பார் என்று கன்னடத்தில் சொன்னார். எனக்குக் கன்னடம் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

14,800 ரூபாய் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. மீன்களுக்கு விலை போடவே எனக்கு மனம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுக்கொண்டு பணம் தர மறுப்பதும் அப்படியே. இதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமும் இல்லை.

பம்ப் பற்றி விரிவாக எழுத இப்போது நிதானம் இல்லை. இவற்றை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள். லிட்டர் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், உங்கள் குளத்து ஆழத்தில் எவ்வளவு காற்று வரும் என்று கேளுங்கள். பம்ப்பின் மேல் ஒட்டியிருப்பதை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். டப்பில் ஓட்டிக் காட்டினால் நம்பாதீர்கள், உங்கள் ஆழம் உள்ள டிரம்மில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பம்ப் நீர்மட்டத்துக்கு மேலே, நனையாத, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். எப்படி வைத்தாலும் நான் ரிட்டர்ன் வால்வு வேண்டும். 30 மில்லி ஆம்பியரில் விழும் மின்கசிவுத் தடுப்பு இல்லாமல் குளத்துப் பக்கம் மின் இணைப்பே கொடுக்காதீர்கள். எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது. கடைப் பெயர் இல்லாத யுபிஐ கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

யாராவது இதே மாதிரி முன்பணம் கொடுத்துவிட்டுப் பம்ப்புக்காகக் காத்திருந்தால், ஆள் வந்து பொருத்துவதற்கு முன்னால், இன்றே போய்ப் பில்லை வாங்கிவிடுங்கள்.