சொக்லேட் கட்டி: முதலில் ஓப்பரேஷனா, நேரே ஐ.வி.எஃப்பா?

என் சித்தியின் மகள் முல்லைத்தீவில் இருக்கிறாள், 34 வயது, கலியாணம் முடித்து மூன்று வருடம். மாதம் மாதம் முதல் இரண்டு நாளும் சுடுதண்ணிப் போத்தலை அடிவயிற்றில் அணைத்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். பனடோலைக் கொடுத்துவிட்டு "ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்" என்றுதான் எல்லாரும் சொன்னோம். போன மாதம் ஸ்கேனில் இடது சூலகத்தில் 4 சென்ரிமீற்றர் கட்டி. எண்டோமெற்றியோசிஸ். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு வெளியே வளர்கிற வருத்தம் இது, பெண்களில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கு உண்டு. சூலகத்தில் வந்தால் பழைய இரத்தம் தேங்கிக் கட்டியாகும், உள்ளே உருகின சொக்லேட் மாதிரி இருக்கும்.

அவளுக்கு ஒருவர் "உடனே வெட்டு" என்கிறார், இன்னொருவர் "வெட்டாதே, நேரே ஐ.வி.எஃப் செய்" என்கிறார், அதாவது முட்டையை வெளியே எடுத்து ஆய்வுகூடத்தில் கருவாக்கிக் கருப்பையில் வைக்கிற சிகிச்சை. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

துளைபோட்டுச் செய்கிற சத்திரசிகிச்சையில் நோவு குறையும், ஒட்டிக்கிடக்கிற கருக்குழாயையும் சூலகத்தையும் பிரித்துவிடலாம், பிறகு இயற்கையாகவே கரு தங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நோய் லேசாக இருக்கிறவர்களுக்கும் இது உதவுகிறது. அரச ஆஸ்பத்திரியில் காசும் இல்லை. ஆனால் கட்டியின் தோலை உரித்தெடுக்கும்போது அதோடு ஒட்டியிருக்கிற நல்ல முட்டைகளும் போகின்றன. முட்டை இருப்பைக் காட்டுகிற ஏ.எம்.எச் என்ற ஹோர்மோனின் அளவு வெட்டின பிறகு சராசரியாக 38 சதவீதம் குறைந்ததாக, 8 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012 அலசல் ஒன்று சொல்கிறது. போன முட்டை திரும்பி வராது. இரண்டு சூலகத்திலும் கட்டி என்றால் இன்னும் யோசிக்கவேண்டும்.

ஐ.வி.எஃப் என்றால் கொழும்புக்கு ரயில், தங்குமிடம், ஊசி, லட்சக்கணக்கில் செலவு, தோற்றால் அந்தக் காசும் போச்சு. ஒரு குடும்பத்தின் வயல் அறுவடை முழுக்க ஒரே தடவையில் கரையும். ஆனாலும் ஐ.வி.எஃப் செய்யப்போகிறவருக்கு வெற்றியைக் கூட்டவென்று முன்கூட்டிக் கட்டியை வெட்டவேண்டியதில்லை என்றுதான் ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டி சொல்கிறது. தாங்க முடியாத நோவு, முட்டை எடுக்க ஊசி போகமுடியாதபடி கட்டி மறைப்பது, கட்டி புற்றுநோயோ என்று ஸ்கேனில் சந்தேகம், இப்படி இருந்தால் கதை வேறு.

சரி, முட்டையின் தரம்? "முட்டை பழுதாய்ப் போச்சு" என்று அவளிடம் யாரோ சொல்லி, பிள்ளை இரவு முழுக்க அழுதிருக்கிறாள். கட்டியைச் சுற்றி அழற்சியும் பழைய இரத்தத்தின் இரும்புக் கசிவும் இருப்பது உண்மை, அது முட்டை வளர்கிற சூழலைக் கெடுக்கக்கூடும், ஐ.வி.எஃப்பில் கிடைக்கிற முட்டையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் உருவாகிற கருக்களின் குரோமோசோம்களைப் பார்த்தால், அதே வயதுடைய மற்றப் பெண்களுடையதைவிடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தரத்தைக் கூடுதலாகத் தின்பது வயதுதான். யுத்தத்தாலும் இடம்பெயர்வாலும் கலியாணம் பிந்தின எங்கள் வன்னிப் பெண்களுக்கு இதை ஒருவரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

மூன்றாவதாக ஹோர்மோன் மாத்திரை. நோவுக்கு நல்லது, ஆனால் போடுகிற காலத்தில் கரு தங்காது, நிறுத்தின பிறகு வாய்ப்புக் கூடுவதும் இல்லை. பிள்ளை வேண்டும் என்கிறவருக்கு அது நாளைக் கடத்துகிற வேலை.

என்னைக் கேட்டால், 30க்குக் கீழே, ஏ.எம்.எச் நன்றாக இருந்து நோவும் கடுமையாக இருந்தால் அனுபவமுள்ள கையால் சத்திரசிகிச்சை. 35ஐ நெருங்கி, இருப்பும் குறைவு, அல்லது ஒருதரம் ஏற்கெனவே வெட்டியாயிற்று என்றால் ஐ.வி.எஃப். எதற்கும் முன்னே ஏ.எம்.எச், குழாய்ச் சோதனை, கணவரின் விந்துச் சோதனை மூன்றும் கையில் இருக்கவேண்டும்.

அவள் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாள், வைக்கட்டும். ஓப்பரேஷன் சம்மதப் படிவத்தில் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. கடைசிச் சோதனைக்கு இத்தனை நாள் மறுத்துக்கொண்டிருந்த மச்சான், வாற செவ்வாய் லீவு போட்டு அவளோடு யாழ்ப்பாண பஸ் ஏறுகிறார்.