தமிழ் 99 விசைப்பலகை: பாமினியில் பழகிய கைகளுக்கு

திருகோணமலையில் போட்டோக்கொப்பிக் கடையிலும் அலுவலகங்களிலும் தமிழ் அடிப்பவர்கள் பலருக்குப் பாமினி எழுத்துருவின் விசை ஒழுங்குதான் கைப்பழக்கம். தட்டச்சுப் பொறியின் வழி வந்தது அது. 'மலை' அடிக்க ம, பிறகு ஐகாரக் குறி, கடைசியில் ல. பேனா எழுதும் ஒழுங்கு. தமிழ் 99 வாய் சொல்லும் ஒழுங்கில் போகிறது: ம, ல, ஐ. மாறுபவர்களைத் திணறடிப்பது இதுதான். கை முந்திக்கொண்டு ஐ-யை அடிக்க, திரையில் 'மைல' என்று வரும். பலர் அந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

தமிழ் 99 இல் 247 எழுத்துக்கும் 31 விசைகள் போதும். உயிர் இடக்கைக்கு, மெய்யில் பெரும்பகுதி வலக்கைக்கு. அதனால் கைகள் மாறி மாறி வேலை செய்யும், ஒரு கை களைக்காது. 'கோ' பாமினியில் மூன்று தட்டு, இங்கே க, ஓ என இரண்டு. புள்ளியையும் அதுவே வைக்கும்: அ, ம, ம, ஆ அடித்தால் அம்மா, த, ம, ப, இ அடித்தால் தம்பி. ந-த, ங-க, ன-ற போன்ற இணைகளுக்கும் அப்படியே. சிக்கல் 'பப்பாளி' போன்ற சொற்களில். முதல் ப-வுக்குப் பிறகு அ தட்டாவிட்டால் அதன் தலையிலும் புள்ளி ஏறிவிடும். 'கல்யாணம்' போன்றவற்றில் புள்ளியை எஃப் விசையால் நாமே வைக்க வேண்டும். ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் ஷிஃப்ட்டோடு மேல்வரிசையில்.

போனில் ஆங்கில எழுத்தால் தமிழ் அடிக்கும் முறை சுலபம்தான். ஆனால் அங்கே ன-வா ண-வா, ல-வா ள-வா என்பதைப் பரிந்துரைப் பட்டியல் தீர்மானிக்கிறது. தமிழ் 99 இல் ஒவ்வொன்றுக்கும் தனி விசை. எழுத்துப்பிழையைத் திருத்தும் வேலை விரலிலேயே தொடங்குகிறது. பிள்ளைகளுக்கு இதையே முதலில் பழக்குங்கள் என்று சொல்வது அதனால்தான்.

விண்டோஸில் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, விசைப்பலகையாகத் தமிழ் 99 ஐத் தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் விசையும் சேர்த்து அழுத்தினால் மாறும். போனுக்குச் செல்லினம் என்ற செயலி இருக்கிறது. விசைகளில் எழுத்து ஒட்ட வேண்டாம். கண் கீழே போனால் விரல் பழகாது.

பழைய பாமினிக் கோப்புகளை எழுத்துரு மாற்றும் கருவி மூலம் ஒருங்குறிக்கு (யூனிகோட்) கொண்டுவந்து, ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள். அச்சகம் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்தால் ஒருங்குறி அங்கே உடையும். திருவிழா நோட்டீசைக் கொடுக்குமுன் கேட்டுவிட்டு, தேவையென்றால் பீடிஎஃப் ஆகக் கொடுங்கள்.