காளி கோயில் பக்கத்துக் குடைக்கார பாய்

ரங்கூனில் மே மாதம் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது. என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மூன்று செத்த குடைகள் கிடந்தன, மழைக்காலத்துக்கு ஒன்றாக. நான்காவது, ஜூலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது காற்றில் மல்லாந்தது. வாங்கிய கடையில் ஒரே ஒரு கம்பி கிடைக்குமா என்று கேட்டேன். சிரித்தார்கள். "புதுசு எடுத்துக்கோங்க." 2023 அக்டோபருக்குப் பிறகு சீன எல்லையிலுள்ள முசே வழியாக வரும் சரக்கு தடைபட்டதிலிருந்து புதுசின் விலையைக் கேட்டாலே மயக்கம் வருகிறது. சரி என்று குடை ரிப்பேர் செய்யும் பாயிடம் போனேன். உண்மையைச் சொன்னால் காசுக்காகத்தான் போனேன். சாக்கடை வாரும்போது பிளாஸ்டிக் பைகளோடு குடைத்துணியும் சுருண்டு வருமே, அந்தக் குப்பை அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

1871இல் நம்மவர்கள் கட்டிய காளி கோயிலிலிருந்து கொஞ்சம் நடந்தால், அனவ்ரதா சாலை நடைபாதையில் உட்கார்ந்திருப்பார். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு மணை, குறடு, ஊசிநூல், துருப்பிடித்த பிஸ்கட் டின். டின் நிறையப் பழைய குடைக்கம்பிகள்.

என் குடையை விரித்து எட்டுக் கம்பிகளையும் ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்த்தார். "இது அலுமினியம், தங்கச்சி. நிமிர்த்தினா ஒடிஞ்சிடும். ரெண்டு கம்பி மாத்தணும்." டின்னைக் கிளறி, அளவு பார்த்து இரண்டை எடுத்தார். மூட்டிலிருந்த ஆணியை நெம்பி எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் மெல்லிய கம்பித் துண்டை விட்டு இரு முனையையும் வளைத்து நசுக்கினார். நுனியில் பிரிந்திருந்த துணிக்கு நாலு தையல். இருபது நிமிடம், 3,000 சாட். புதுக்குடை விலையில் கால்வாசிகூட இல்லை.

குறை இல்லாமல் இல்லை. வெள்ளிக் கம்பிகளுக்கு நடுவே இரண்டு கறுப்புக் கம்பி துருத்திக்கொண்டு தெரிகிறது. அந்தப் பக்கம் கொஞ்சம் தொங்குவதால் இடது தோளில் சொட்டுகிறது. மடக்கும்போது ஒரு கம்பியைக் கையால் உள்ளே தள்ளிவிட வேண்டும். காத்திருக்க நிழல் கிடையாது. மழை கொட்டுகிற நாளில் பாயே வரமாட்டார், உட்காரும் இடம் தண்ணீரில் இருக்கும்.

ஆனால் எனக்கு முன்னால் ஒரு மாணவி நீட்டிய மெல்லிய பிளாஸ்டிக் குடையை அவர் கையில்கூட வாங்கவில்லை. "இதுக்குக் காசு வாங்கினா பாவம்மா. அடுத்த காத்துக்கே போயிடும்." வேலை கையில் இருக்கும்போது வேண்டாம் என்று சொன்ன கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் கதவுக்குப் பின்னாலிருந்த மூன்றையும் கொண்டு போனேன். மூன்றைப் பிரித்து ஒன்றாக்கினார். கம்பி என்னுடையது என்பதால் கூலி மட்டும். மீந்த கம்பிகள் டின்னுக்குள் போயின.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார். வீட்டில் செத்த குடை இருந்தால் கையோடு கொண்டு போங்கள், கம்பிக்குக் கழித்துக்கொள்வார்.