விடுதி மூடும் நாட்கள்: வன்னியில் ஒரு தனியார் பாடசாலையும் எங்கள் இரு பிள்ளைகளும்

ஏ9 வீதியோரத்தில் உள்ள அந்தத் தனியார் பாடசாலையின் விடுதியில் தன் மூத்த பிள்ளையை அடுத்த ஆண்டு தரம் 6இல் சேர்க்கலாமா என்று ஒட்டுசுட்டானில் இருக்கும் தோழி ஒருத்தி சென்ற வாரம் கேட்டிருந்தாள். அவளும் என்னைப் போல ஒரு தாதிய உத்தியோகத்தர். அவளுடைய கணவரும் என் கணவரைப் போல வயல் செய்பவர். ஆகவே "நல்ல பாடசாலைதான்" என்று ஒற்றை வரியில் பதில் அனுப்பிவிட மனம் வரவில்லை. என் மகள் 2020 ஜனவரியில் அங்கே தரம் 6இல் சேர்ந்த நாளிலிருந்து விடுதியிலேயே இருக்கிறாள். மகன் அதே வளவில் உள்ள முன்பள்ளியில் தொடங்கி, எனக்கு அந்தப் பக்கம் இடமாற்றம் கிடைத்திருந்த காலம் முழுவதும் வீட்டிலிருந்து போய்வந்தான். நான் மீண்டும் துணுக்காய்ப் பக்கம் வந்த பிறகு அவனும் விடுதிக்கு மாறினான். பகலில் மட்டும் போய்வரும் பிள்ளையின் தாயாகவும் விடுதிப் பிள்ளையின் தாயாகவும் ஒரே பாடசாலையைப் பார்த்திருப்பதால், அவளுக்கு எழுதியதைச் சற்று விரித்து மற்றப் பெற்றோருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முன்பள்ளியிலிருந்து உயர்தரம் வரை ஒரே இடத்தில் வகுப்புகள் இருப்பதும், ஆங்கில மொழிக் கற்பித்தலும், விளையாட்டு மைதானமும் விண்ணப்பம் வாங்கப் போகும் எவருக்கும் முதல் நாளிலேயே காட்டப்படுபவை. அவற்றில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கட்டணம் 2022க்குப் பிறகு பெரிதாக ஏறியது உண்மைதான். ஆனால் அரிசியும் எரிவாயுவும் விற்ற விலையில் அத்தனை பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சமைத்துப் போடுவது எவ்வளவு பாரம் என்பது வீட்டுச் சமையலை நடத்துபவர்களுக்குத் தெரியும். அதையும் நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

நான் எதிர்பாராமல் கிடைத்த பெரும் நன்மை, பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு அந்த வளவில் நடப்பது. போருக்குப் பிறகு வன்னியில் பிள்ளையை விடுதியில் விடுவது என்றால், தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை வளர்த்த சிறுவர் இல்லங்களே பலருடைய நினைவுக்கு வரும். "நாங்கள் இவ்வளவு பேர் உயிரோடை இருக்க, ஏன் பிள்ளை, அவளைக் கொண்டுபோய் விடுறியள்?" என்று என் மாமியார் அழுதே விட்டார். அவரைப் பின்னாளில் ஒருமுறை பெற்றோரைப் பார்க்க அனுமதிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் கூட்டிச்சென்றேன். நேரமாகியும் புறப்பட மனமில்லாமல், இரவுப் படிப்பு தொடங்கும் வரை அவர் மண்டபத்து வாசலிலேயே நின்றார். நீண்ட மேசைகளில் வகுப்பு வாரியாகப் பிள்ளைகளை இருத்துவதில்லை. உயர்தரப் பிள்ளை ஒருத்தியின் இரு பக்கத்திலும் தரம் 3, தரம் 4 பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் தன் இரசாயனவியல் கணக்கைச் செய்துகொண்டே, பக்கத்துப் பிள்ளை வாய்ப்பாட்டில் பிழைவிட்டால் பென்சில் முனையால் அந்த வரியைத் தொட்டுக் காட்டுகிறாள். காலையில் குழாயடியில் அதே அக்காமார் சின்னவர்களுக்குத் தலை பின்னி நாடா கட்டிவிடுகிறார்கள். தம்பியைத் தவிர வேறு சின்னப் பிள்ளை எவரோடும் பழகியிராத என் மகள், இப்போது தன் பொறுப்பில் உள்ள இரண்டு சின்னவர்களின் சப்பாத்து அளவைக்கூடச் சரியாகச் சொல்கிறாள். எனக்கு அந்தப் பக்கம் இடமாற்றம் கிடைத்து, தம்பியோடு வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று நாங்கள் கூப்பிட்டபோது, அவள் விடுதியை விட்டு வர மறுத்துவிட்டாள்.

2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை போனது. எரிபொருள் இல்லாமல் பேருந்துகள் ஓடவில்லை. ஆசிரியர்களும் பிள்ளைகளும் வந்துசேர வழியின்றி எங்கள் ஊர்ப் பாடசாலைகள் வாரக்கணக்கில் ஒழுங்காக நடக்கவில்லை. அப்போதும் வளவுக்குள்ளேயே தங்கியிருந்த ஆசிரியர்கள் விடுதிப் பிள்ளைகளுக்குப் பகல் வெளிச்சத்தில் பாடத்தை முடித்து, இரவில் விளக்கு ஏற்றி அவர்களை வாசிக்கவும் வைத்தார்கள். வீட்டிலிருந்து போய்வந்த என் மகனுக்கு அந்த மாதங்களில் அநேகமாக எதுவும் கிடைக்கவில்லை. இந்தப் பாடசாலையின் உண்மையான பெறுமதி விடுதியில்தான் இருக்கிறது என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன். வகுப்பறையில் நடக்கும் படிப்பு நல்லதே. ஆனால் அதற்காக மட்டும் இவ்வளவு பணம் கட்டத் தேவையில்லை. பாடநூலும் சீருடைத் துணியும் இலவசமாகக் கொடுக்கும் அரச பாடசாலைகளில் அதே அளவு கெட்டித்தனமான ஆசிரியர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இருக்கிறார்கள்.

இத்தனை நன்மையையும் கெடுப்பது ஒரே ஒரு பழக்கம். விடுதியை எப்போது மூடுவார்கள் என்பதை நிர்வாகம் முன்கூட்டிச் சொல்வதில்லை. பௌர்ணமி விடுமுறை வெள்ளியிலோ திங்களிலோ வந்து வார இறுதி நீண்டுவிட்டால், சமையற்காரர் இல்லை என்றோ, தண்ணீர்த் தாங்கி கழுவ வேண்டும் என்றோ, சில வேளை காரணம் எதுவும் சொல்லாமலோ, முதல் நாள் இரவில் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: நாளை பின்னேரம் மூன்று மணிக்கு முன் பிள்ளைகளை வந்து அழைத்துச் செல்லவும். பாடசாலையிலிருந்து ஓட்டோவில் போகும் தூரத்தில் வீடு உள்ளவர்களுக்கு இது ஒரு தொல்லையே அல்ல. ஆனால் விடுதியில் பிள்ளையை விட்டிருப்பவர்கள் யார்? வவுனிக்குளத்துக்குக் கீழும், பாண்டியன்குளத்திலும், நெடுங்கேணிக்கு உள்ளேயும், பூநகரிப் பக்கத்திலும் இருப்பவர்கள். தூரம் காரணமாகவே விடுதிக்குப் பணம் கட்டுகிறவர்களிடம், தூரம் என்று ஒன்று இல்லாததுபோல நிர்வாகம் நடந்துகொள்கிறது.

2024 பெப்ரவரியில் நவம் பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்தது. அந்த வார இறுதியில் விடுதி திறந்திருக்கும் என்று தவணைத் தொடக்கத்தில் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள்; புதன் இரவு மூடும் செய்தி வந்தது. வியாழக்கிழமை எனக்கு மாலைக் கடமை. கடமைப் பட்டியல் மாத முற்பகுதியிலேயே போடப்படுவது. எங்களுடையதைப் போன்ற சிறிய மருத்துவமனையில் ஒருவர் விலகினால் தங்கியிருக்கும் நோயாளரைப் பார்க்க மற்றவர் இல்லை. காலபோக அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம் அது. எங்கள் வயலுக்கு அறுவடை இயந்திரம் வரும் முறை அன்றுதான். முறையை விட்டால் இயந்திரம் அடுத்த வாய்க்காலுக்குப் போய்விடும், நெல் வயலில் நின்று கொட்டும். விடுதிப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து வெள்ளி காலை வரை வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன். "அம்மா, என்ரை கையிலை ஒண்டுமில்லை, மேலையிருந்து சொல்லிப்போட்டினம்" என்றார். முடிவில் கிளிநொச்சியில் கடை வைத்திருக்கும் என் தம்பி கடையைப் பூட்டிவிட்டுப் போய், இரண்டு பிள்ளைகளையும் அவர்களுடைய பைகளையும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, மாங்குளத்தால் திரும்பி, யானை இறங்கும் வீதியால் இருட்டிய பிறகு வீடு வந்து சேர்ந்தான். அவர்கள் வந்துவிட்டார்கள் என்ற செய்தி கிடைக்கும் வரை நான் மருந்து கொடுத்த ஒவ்வொரு கட்டிலிலும் அட்டையை இரண்டு முறை சரிபார்த்தேன்.

இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது என்பதும் எனக்குத் தெரியும். 2020 மார்ச் 12ஆம் திகதி, மறுநாள் முதல் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்படும் என்று அரசு அறிவித்தது. அன்று விடுதியைச் சில மணித்தியாலங்களில் காலியாக்கியது சரியான செயல். தொற்றுக் காலத்தில் அதைவிட வேறு வழி இருக்கவில்லை. பெற்றோர் அனைவரும் எப்படியோ ஓடிவந்து பிள்ளைகளைக் கூட்டிச் சென்றோம். அவசரத்தில் அப்படி ஓடிவந்தவர்கள் சாதாரண நாளிலும் ஓடிவருவார்கள் என்று நிர்வாகம் அதன்பின் எண்ணிக்கொண்டது என்றே நான் நினைக்கிறேன்.

நியாயமாகப் பார்த்தால், விடுதிப் பொறுப்பாளருக்கும் சமையலறைப் பெண்களுக்கும் ஓய்வு வேண்டும் என்பதை மறுக்க முடியாது. இரவு பகலாகப் பிள்ளைகளோடு இருப்பவர்கள் அவர்கள். மகனுக்குக் காய்ச்சல் வந்த இரவில் விடியும் வரை பக்கத்தில் இருந்து நெற்றியில் ஈரத்துணி போட்டவரும் அதே பொறுப்பாளர்தான். மாதத்துக்கு ஒருமுறை விடுதியை மூடட்டும், இரண்டு முறைகூட மூடட்டும். பௌர்ணமி எந்த நாளில் வரும் என்பது ஆண்டு தொடங்கும் முன்பே நாட்காட்டியில் அச்சடிக்கப்பட்டு எல்லோருடைய வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. மூடும் நாட்களைத் தவணைத் தொடக்கத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதற்கு ஒரு சதமும் செலவாகாது. பெற்றோர் கூட்டத்தில் இதை நான் எழுந்து கேட்டபோது, "தேவையேற்படின் விடுதியை மூட நிர்வாகத்துக்கு உரிமை உண்டு" என்று நாங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் வரியை வாசித்துக் காட்டினார்கள். மூடிய நாட்களுக்கான சாப்பாட்டுப் பணத்தைக் கழிப்பார்களா என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

இதை எங்கே முறையிடுவது என்று தோழி கேட்பாள் என்பதால் அதையும் எழுதவேண்டும். இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால், அதுவரை அரச உதவி பெற்றுவந்த பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கீழ் வந்தன, சிலவே தனியாராக நின்றன. அதற்குப் பின்னர், எழுபதுகளின் இறுதியிலிருந்து தோன்றிய சர்வதேசப் பாடசாலைகளும் அவற்றைப் போன்ற தனியார் பாடசாலைகளும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. ஆகவே வலயக் கல்வி அலுவலகத்துக்கு இவற்றின் அன்றாட நிர்வாகத்தில் அதிகாரம் இல்லை. இப்படியான பாடசாலைப் பிள்ளைகள் அரச பரீட்சைக்குப் போவதென்றாலும் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாகவே விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. அரச பாடசாலையின் அதிபரோடு பிணக்கு வந்தால் மேலே போக ஒரு படியாவது உண்டு. இங்கே பணத்தைக் கட்டிய கையோடு எங்களுக்கு இருக்கும் ஒரே பிடி, பிள்ளையை எடுத்துக்கொண்டு போகும் உரிமை மட்டுந்தான்.

அந்த உரிமையைத்தான் நான் இப்போது பயன்படுத்துகிறேன். மகள் சாதாரண தரப் பரீட்சையை முடிக்கும் வரை அங்கேயே இருப்பாள். அந்த நீண்ட மேசையிலிருந்து அவளை இந்த நேரத்தில் எழுப்ப எனக்கு மனமில்லை. மகனை எங்கள் ஊர்ப் பாடசாலைக்கு மாற்றுகிறேன். மற்றவர்களிடம் கெஞ்சிக் கடமை மாற்றுவதற்கும், தம்பி கடையைப் பூட்டுவதற்கும், இருட்டில் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் வருவதற்கும் சேர்த்து இவ்வளவு கட்டணம் கட்ட இனி எனக்கு விருப்பமில்லை. தோழிக்கும் அதையே எழுதினேன்: பகல் படிப்புக்கு மட்டும் அந்தப் பணம் அதிகம், விடுதிக்கு அந்தப் பணம் தகும், ஆனால் மூடும் நாட்களின் பட்டியலை அதிபரின் கையெழுத்தோடு தரும் வரை சேர்வுக் கட்டணத்தைக் கட்டாதே. வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதே. உன் வீட்டிலிருந்து பாடசாலைக்கு எத்தனை பேருந்து மாறவேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடு.

மகள் இந்த முடிவை ஏற்கவில்லை. தம்பி இப்போதுதான் தானாகவே உடுப்புத் தோய்த்து மடித்து வைக்கப் பழகியிருக்கிறான், அவனுடைய மேசையில் இருக்கும் அண்ணா கணிதத்தில் கெட்டிக்காரன், இந்த ஆண்டு முடியும் வரையாவது விடுங்கோ அம்மா என்று தொலைபேசியில் நீண்ட நேரம் வாதாடினாள். அவள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. இருந்தும் விடுகைப் பத்திரத்துக்கான விண்ணப்பத்தைச் சென்ற திங்கட்கிழமை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.