சொந்த உரிமமா, இன்னொரு நிறுவனத்தின் கீழா: ஒற்றை டிரக்கின் கணக்கு

போன மாதம் என் டிரக்கின் கதவிலிருந்து என் நிறுவனத்தின் பெயரை நானே சுரண்டி எடுத்தேன். பதினாறு மாதம் அந்தப் பெயரில் டெக்ஸாஸிலிருந்து சரக்கு ஏற்றினேன். இப்போது அந்த இடத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயரும், கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறை அதற்குத் தந்த டாட் எண்ணும் இருக்கின்றன. வண்டி என்னுடையதுதான், கூலிக்குச் சரக்கு ஏற்றும் உரிமம் அவர்களுடையது. டிரக் வாங்க நினைக்கும் உறவினர் ஒருவர், அமெரிக்காவில் இந்த இரண்டு வழிகளில் எது நல்லது என்று கேட்டார். ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு இரண்டாவது வழிதான் என்பது என் முடிவு.

உரிமம் எடுப்பது கடினம் என்று பலர் பயமுறுத்துவார்கள். அது உண்மையில்லை. மாநிலத்தில் எல்எல்சி என்ற வகை நிறுவனமாகப் பதிவு, வரித்துறையிடம் இஐஎன் என்ற நிறுவன வரி எண், பிறகு டிரக் நிறுவனங்களுக்கு உரிமம் தரும் கூட்டாட்சி அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏவின் தளத்தில் விண்ணப்பம். சரக்கு ஏற்றும் உரிமைக்குக் கட்டணம் 300 டாலர். ஒவ்வொரு மாநிலத்திலும் நம் சார்பில் சட்ட அறிவிப்புகளைப் பெற ஒரு முகவரைக் காட்டும் பிஓசி-3 படிவம், மாநிலம் தாண்டி ஓட்டுபவர்களுக்கான யுசிஆர் ஆண்டுப் பதிவு, பல மாநிலங்களில் செல்லும் ஐஆர்பி நம்பர் தகடு, பல மாநிலங்களுக்கும் சேர்த்து எரிபொருள் வரி கட்டும் இஃப்டா கணக்கு, போதைப்பொருள் பரிசோதனைத் திட்டத்தில் சேர்க்கை. எல்லாவற்றையும் வீட்டு மேசையிலிருந்தே முடித்தேன். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. முதல் 18 மாதங்கள் புதிய நிறுவனமாகக் கண்காணிப்பில் வைப்பார்கள். முதல் ஓராண்டுக்குள் பாதுகாப்புத் தணிக்கை வரும். பதிவேடுகளை ஒழுங்காக வைத்திருந்தால் அதற்கும் அஞ்ச வேண்டாம்.

சிக்கல் காப்பீட்டில் இருக்கிறது. பொதுச் சரக்குக்குக் கூட்டாட்சி விதி கேட்கும் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீடு, அதாவது விபத்தில் மற்றவர்களுக்கு நேரும் இழப்புக்கான காப்பீடு, 7,50,000 டாலர். ஆனால் லோடு கொடுக்கும் தரகர்கள் பெரும்பாலும் பத்து லட்சம் டாலருக்கும், சரக்குக்குத் தனியாக ஒரு லட்சத்துக்கும் கேட்கிறார்கள். புதிய உரிமம் என்றாலே பிரீமியம் ஏறிவிடும். விபத்தில்லாத ஓட்டுநர் பதிவு இருந்தும் எனக்கு வந்தது ஆண்டுக்கு 18,600 டாலர். அதில் கால் பங்கை முதலிலேயே கட்டச் சொன்னார்கள்.

காகிதத்தில் கணக்குப் பார்த்தால் சொந்த உரிமம்தான் வெல்கிறது. ஆண்டுக்கு 1,80,000 டாலர் கூலி வருகிறது என்று வையுங்கள். நிறுவனத்தின் கீழ் ஓட்டினால் அவர்கள் பங்கு 25 விழுக்காடு, அதாவது 45,000. எனக்குக் கிடைத்த ஒப்பந்தத்தில் ட்ரெய்லர், நம்பர் தகடு, பொறுப்புக் காப்பீடு, சரக்குக் காப்பீடு எல்லாம் அதற்குள் அடக்கம். சொந்தமாக ஓட்டியபோது காப்பீடு 18,600, ட்ரெய்லர் வாடகை 9,600, தகடு 1,800, லோடு தேடும் தளம், ஓட்டும் நேரத்தைக் குறிக்கும் மின்னணுப் பதிவுக் கருவி, கணக்காளர் எல்லாமாக 2,400, பில்லைக் கொடுத்து உடனே பணம் வாங்கும் ஃபேக்டரிங்குக்கு மூன்று விழுக்காடாக 5,400. மொத்தம் 37,800. சொந்த உரிமத்தில் 7,200 டாலர் மிச்சம். நானும் இந்த மிச்சத்தை நம்பித்தான் இறங்கினேன்.

நான் பார்க்கத் தவறியது, அந்த 37,800-இல் ஃபேக்டரிங் தவிர மீதி 32,400-உம் நிலையான செலவு என்பதை. மாதம் 2,700 டாலர், வண்டி ஓடினாலும் நின்றாலும் போகும். எட்டாவது மாதத்தில் எஞ்சினின் டர்போ பழுதாகி, உதிரிபாகத்துக்குக் காத்து, வண்டி 23 நாள் பட்டறையில் நின்றது. பழுதுச் செலவு எந்த வழியிலும் என்னுடையதுதான். ஆனால் நிறுவனத்தின் கீழ் இருந்திருந்தால் அந்த 23 நாளும் அவர்களுக்கு நான் தர வேண்டிய பங்கு பூஜ்யம். கூலி வந்தால்தான் பங்கு. காப்பீட்டு நிறுவனம் அப்படிக் காத்திருக்காது. பிரீமியம் தவறினால், காப்பீடு ரத்தாகப் போகிறது என்று எஃப்எம்சிஎஸ்ஏவுக்கு 30 நாள் அறிவிப்பு போகும். அதற்குள் சரிசெய்யாவிட்டால் உரிமமே ரத்து. மீட்கும் கட்டணம் 80 டாலர்தான். ஆனால் காப்பீடு இடையில் அறுந்தது பதிவில் நிற்கும், அடுத்த பிரீமியம் பேசும்போது எதிரே வரும். மனைவியின் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினேன்.

அந்த 1,80,000 கூலியும் முதலாண்டில் எளிதில் வராது. உரிமத்துக்கு 90 நாளோ 180 நாளோ ஆகாமல் லோடு தர மறுக்கும் தரகர்கள் உண்டு. எனக்கு முதல் நான்கு மாதம் மிஞ்சியவை மற்றவர்கள் விட்டுவைத்த லோடுகள்.

நிறுவனத்தின் கீழ் ஓட்டுவதிலும் உரசல் உண்டு. அவர்கள் சம்மதமில்லாமல் வேறு ஒருவரின் சரக்கை ஏற்ற முடியாது. கூலியிலிருந்து அவர்கள் கழிக்கும் தொகைகளை வாரா வாரம் வரிவரியாகப் படிக்க வேண்டும். ஆனால் இதற்கென்று 376-ஆம் பகுதி என்ற கூட்டாட்சி விதி இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். தேவையான தாள்களைக் கொடுத்த 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். கூலியில் விழுக்காடு என்று பேசியிருந்தால், சரக்குக்காரரிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்று காட்டும் பில்லின் நகலைத் தர வேண்டும். நிறுவனம் பிடித்து வைத்த வைப்புப் பணத்தை, ஒப்பந்தம் முடிந்து 45 நாளுக்குள் கணக்குக் காட்டித் திருப்ப வேண்டும். பில் நகலைத் தரத் தயங்கிய ஓரிடத்திலிருந்து நான் கையெழுத்திடாமல் எழுந்து வந்தேன்.

நான் ஓட்டியது டிரை வேன் எனும் மூடிய பெட்டி ட்ரெய்லர் மட்டுமே. குளிர்சாதன ட்ரெய்லருக்கும், பிளாட்பெட் எனும் திறந்த தட்டை ட்ரெய்லருக்கும் இந்தக் கணக்கை அப்படியே பொருத்தச் சொல்ல மாட்டேன். மூன்று வண்டி வைத்திருப்பவருக்கு ஒன்று நின்றாலும் மற்ற இரண்டும் கட்டிவிடும் என்று நினைக்கிறேன், ஆனால் அந்த நிலையில் நான் இருந்ததில்லை. வாரா வாரம் நேரடியாகச் சரக்குக் கொடுக்கும் தொழிற்சாலை கையில் இருந்தால் சொந்த உரிமமே சரி.

உறவினர் 2019 மாடல் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். முன்பணம் கொடுக்கும் முன், அந்த வண்டியின் அடையாள எண்ணையும் தன் ஓட்டுநர் பதிவையும் கொடுத்து இரண்டு காப்பீட்டு முகவர்களிடம் விலை வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். ஆறு மாதப் பிரீமியம் கையில் தனியாக இருந்தால் மேலே பேசலாம் என்றேன்.