மலை ஏறி இறங்கும் பழைய பிக்கப்பின் ஹீட்டரும் ஏசியும்: நீண்ட கால அனுபவம்

2009-ஆம் ஆண்டில் தயாரான, இரட்டைக் கேபின் டீசல் பிக்கப் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். எஞ்சின், மைலேஜ், சஸ்பென்ஷன் எதையும் தொடப் போவதில்லை. ஹீட்டரும் ஏசியும் மட்டும். இரண்டாம் கை வண்டியாக வாங்கி, நீலகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே பல ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். மேலிருந்து கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ். கீழிருந்து உரம், தீவனம், சில நேரம் சிமென்ட். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம் மீட்டரில். குன்னூர் வழியாக இறங்கினால் ஐம்பது கிலோமீட்டர் அளவுதான் சாலை. ஜனவரி மாதம் ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவில் புல் வெள்ளையாக உறைந்திருக்கும் நேரத்தில் வண்டியை எடுத்தால், மண்டியில் ஏலம் முடிந்து வெளியே வரும்போது சட்டை முதுகில் ஒட்டுகிறது. ஒரே நாளில் இரண்டும் தேவைப்படுகின்றன.

எனக்கு உறுதிப்பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பிக்கப்பில் ஹீட்டரையும் ஏசியையும் தனித்தனியாகப் பார்க்கவே கூடாது. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரே பெட்டிக்குள் இருந்து, ஒரே பிளோயரின், அதாவது காற்று தள்ளும் விசிறியின், காற்றில் இயங்குபவை அவை. ஒன்றின் கோளாறு மற்றொன்றில் குறையாகத் தெரியும். ஏசி குளிரவில்லை என்றதும் கேஸ் போடச் சொல்வதும், ஹீட்டர் சுடவில்லை என்றதும் "நம் ஊருக்கு இது எதற்கு" என்று விட்டுவிடுவதும்தான் இந்த வண்டிகளைக் கெடுக்கின்றன.

ஹீட்டர் சொகுசு என்ற எண்ணம் சமவெளியில் வலுவாக இருக்கிறது. கை விறைப்பது இரண்டாம் பிரச்சினை. முதல் பிரச்சினை முன்கண்ணாடி. மழைக்காலத்தில் நனைந்த உடுப்போடு நான்கு பேர் ஏறி, காலடியில் ஈரச் சாக்கும் கிடந்தால், கண்ணாடியின் உட்பக்கம் சில நிமிடங்களில் மூடிக்கொள்ளும். குன்னூர் ஏற்றத்தில் பர்லியாறுக்கு மேலே கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்போது, ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறு கையால் வண்டியைத் திருப்புவது உயிரோடு விளையாடும் வேலை. இதற்குச் சரியான வழி ஏசியையும் ஹீட்டரையும் ஒரே நேரத்தில் போடுவது. "அண்ணா, இரண்டையும் சேர்த்துப் போட்டால் கெட்டுவிடாதா?" என்று மூட்டை ஏற்ற வந்த தம்பி ஒருவர் கேட்டார். கெடாது. காற்று முதலில் ஏசியின் கூலிங் காயிலைக் கடக்கிறது. அங்கே குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் நீராகி, வடிகுழாய் வழியே சாலையில் சொட்டுகிறது. ஈரம் போன காற்று அடுத்து எஞ்சினின் சுடுநீர் ஓடும் ஹீட்டர் காயிலைக் கடந்து சூடேறிக் கண்ணாடிக்குப் போகிறது. சூடான உலர்ந்த காற்று பட்டதும் மூட்டம் கீழிருந்து மேலாக விலகுவதைக் கண்ணால் பார்க்கலாம். உள்காற்றையே சுழற்றும் நெம்புகோலை மட்டும் மறக்காமல் வெளிக்காற்றுப் பக்கம் தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான்கு பேரின் மூச்சும் உள்ளேயே சுற்றும்.

உறைபனி விழும் காலைகளில் இந்த வழி பலிக்காது. வெளியே ஜீரோ டிகிரியை ஒட்டியிருக்கும்போது ஏசி கேஸின் அழுத்தம் தானாகவே இறங்கிவிடுவதால், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரெஸரைப் பிரஷர் சுவிட்ச் ஓடவிடாது. அது கோளாறு அன்று, பாதுகாப்பு. அந்த நேரத்தில் வெளிக்காற்றும் ஹீட்டரும் போதும். அவ்வளவு குளிர்ந்த காற்றில் ஈரத்தின் அளவே குறைவு. மலையடிவாரத்துக் கல்லாறு பக்கம் இறங்கியதும் நிலைமை தலைகீழாகும். மழை விட்ட புழுக்கத்தில் ஏசிக் காற்றைக் கண்ணாடியில் அடித்துக்கொண்டே வந்தால், குளிர்ந்த மோர் டம்ளர் வியர்ப்பது போலக் கண்ணாடியின் வெளிப்பக்கம் மூடும். அங்கே வைப்பரை ஓட்டி, காற்றை முகத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

வண்டி என் கைக்கு வந்தபோது ஹீட்டர் வெதுவெதுப்பைத் தாண்டவே இல்லை. முன்பு அது சமவெளியில் ஓடிய வண்டி. கோடையில் எஞ்சின் சூடேறுகிறது என்று அங்கே யாரோ தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்திருந்தார்கள். நம் பட்டறைகளில் பரவலாக நடக்கும் இந்த வைத்தியத்தின் மேல் எனக்குக் கடுங்கோபம் உண்டு. எஞ்சின் தண்ணீர் குறிப்பிட்ட சூட்டை எட்டும் வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுப்பதுதான் அந்த வால்வின் வேலை. பல டீசல் எஞ்சின்களில் அது 82 டிகிரி அளவில் திறக்கத் தொடங்கும். வால்வே இல்லையென்றால் முதல் நிமிடத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டரைச் சுற்றி வரும். ஊட்டிக் குளிரில் எஞ்சின் தன் சூட்டை எட்டவே எட்டாது. ஹீட்டருக்குச் சூடு கிடைக்காது. டீசல் கூடுதலாகப் போகும். எஞ்சின் தேய்மானமும் கூடும். இன்னொரு கொடுமையும் உண்டு. ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் திரும்பும் பைபாஸ் வழியை அடைக்கும் வேலையையும் அதே வால்வு செய்யும் எஞ்சின்களில், அதைக் கழற்றிவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பிவிடும். ஏற்றத்தில் வண்டி முன்பைவிட அதிகமாகச் சூடேறும். எந்த நோய்க்காகக் கழற்றினார்களோ அதே நோய். புது வால்வு சில நூறு ரூபாய்தான். அதைப் போட்ட வாரமே கேபின் வேறு வண்டியாக மாறிவிட்டது.

அதோடு ரேடியேட்டர் மூடியையும் மாற்றினேன். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சின் இயங்கும் சூடு அதற்கு மிக அருகில் இருக்கிறது. மூடியின் ஸ்பிரிங் தரும் அழுத்தமும் தண்ணீரில் கலக்கும் கூலன்ட்டும்தான் கொதிநிலையை உயர்த்திவைக்கின்றன. ரப்பர் தேய்ந்த மூடி சமவெளியில் பல மாதம் ஏமாற்றிவிட்டுப் போகும். மலையில் ஒரு முழு லோடு ஏற்றத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

ஹீட்டர் காயிலைச் சோதிக்கப் பட்டறை வேண்டாம். எஞ்சின் நன்கு சூடான பிறகு, காயிலுக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் காயில் நலம். ஒன்று சுட்டு மற்றொன்று ஆறியிருந்தால் உள்ளே உப்பு படிந்து அடைத்திருக்கிறது, அல்லது ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவதன் பலன் முதலில் தெரிவது இந்த மெல்லிய காயிலில்தான். எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு அலசினால் ஓரளவு திறக்கும். உள்ளே இனிப்பான வாடை, துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் கண்ணாடியில், இடப்பக்கக் காலடி விரிப்பில் ஈரம் என்றால் காயில் ஒழுகுகிறது; அப்போது காயிலையே மாற்ற வேண்டியதுதான். ஈரம் மட்டும் இருந்து வாடை இல்லையென்றால் ஏசியின் வடிகுழாயைப் பாருங்கள். பெரும்பாலும் சேறு அடைத்திருக்கும்.

ஏசிக்கு வருகிறேன். ஒரு கோடையில் மேட்டுப்பாளையத்தில் காற்று குளிரவே இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் கேஸ் குறைவு என்றார்கள். கோத்தகிரிச் சாலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் மட்டும், எஞ்சின் அறைக்குள் கை விட்டு ஹீட்டர் ஹோஸைக் கிளாம்ப்பால் இறுக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் குளிர்ந்த காற்று வந்தது. ஹீட்டர் வால்வின் கேபிள் தளர்ந்து, நெம்புகோல் குளிர்ப்பக்கம் இருந்தும் வால்வு முழுதாக மூடாமல் கொதிநீரைக் காயிலுக்கு விட்டுக்கொண்டிருந்தது. கூலிங் காயில் குளிர்வித்த காற்றை ஹீட்டர் காயில் மறுபடி சூடாக்கிக்கொண்டிருந்தது. கேபிளை இழுத்துக் கட்டியதோடு வேலை முடிந்தது. பழைய வண்டி வைத்திருக்கும் எவரும் கேஸ் போடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். காற்று வழியைப் பிரிக்கும் கதவின் பஞ்சு உதிர்ந்தாலும் இதே குறைதான் வரும். வென்ட்டிலிருந்து கருப்புத் துகள் பறந்தால் அதுதான் காரணம்.

கேஸ் போடுவதிலும் மலைக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வண்டியின் ஏசியில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். எஞ்சினை நிறுத்திவைத்து அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினால் அது காட்டும் அழுத்தம் அன்றைய வெப்பத்தைப் பொறுத்தது. 30 டிகிரியில் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்டும் அதே கேஸ், 10 டிகிரியில் ஐம்பதுக்குள் நிற்கும். இயக்கிப் பார்த்தாலும் குளிர்ந்த ஊரில் கம்ப்ரெஸருக்கு முன்னும் பின்னும், இரண்டு பக்க அழுத்தமும் தாழ்ந்தே இருக்கும். சமவெளிக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு குளிர்ந்த காலையில் கேஜைப் பார்ப்பவர், குறைவாக இருக்கிறது என்று மேலே மேலே ஏற்றிவிடுவார். மேலே குறை தெரியாது. கீழே இறங்கி வெயிலில் நின்றதும் ஹை சைடு, அதாவது கம்ப்ரெஸருக்குப் பின்னுள்ள அழுத்தம், எகிறி, சுவிட்ச் கம்ப்ரெஸரைத் துண்டிக்கும்; ஏசி விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும். எனவே கேஜை மட்டும் நம்பி நிரப்பக் கூடாது. பழைய கேஸை இயந்திரத்தில் எடுத்து, உள்ளே மிஞ்சிய காற்றும் ஈரமும் போக நன்றாக வாக்குவம் போட்டு, பானெட்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்கு எடை வைத்து நிரப்ப வேண்டும். விலை மலிவு என்று எரியக்கூடிய கலவைக் கேஸைப் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூலிங் காயில் ஒழுகினால் அது ஆட்கள் உட்காரும் கேபினுக்குள்தான் வரும்.

கேஸ் தானாகத் தீராது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்க்காமல் வருடந்தோறும் கேஸ் மட்டும் நிரப்புவது பணத்தைக் காற்றில் விடுவது. இணைப்புகளில் எண்ணெய்க் கறை படிந்திருந்தால் அங்கேதான் ஒழுக்கு. மலை வண்டிகளுக்கே உரிய ஒழுக்கு கம்ப்ரெஸர் தண்டின் சீலில், அதாவது அதைச் சுற்றியுள்ள அடைப்பில், வருவது. குளிர்காலம் முழுக்க ஏசியைத் தொடாமல் வைத்தால், எண்ணெய் சுற்றாமல் அந்த சீல் காய்ந்துவிடும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கண்ணாடி மூட்டத்துக்காகப் போடுகிறவர்களுக்கு இது தானாகவே நடந்துவிடும்.

ஓடும்போது குளிர்ந்து, நின்றால் குளிர் போய்விடுகிறது என்றால், ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்குக் காற்று போதவில்லை. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்தில் பூச்சியும் மண்ணும் தவிட்டுத் தூசியும் சேர்ந்து கம்பளம் விரித்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். வேகமான பிரஷர் தண்ணீர் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். இந்த வண்டியில் கேபின் ஃபில்டரும் கிடையாது. சாக்கு நார், சருகு எல்லாம் நேரே கூலிங் காயிலில்தான் போய் ஒட்டுகின்றன. காற்றின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். பிளோயர் கடைசி வேகத்தில் மட்டும் சுற்றினால் அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கிறது, மலிவான பாகம். கதவு ஓர ரப்பர் பீடிங்குகளையும், கேபின் தளத்தில் ஒயர் நுழையும் துளைகளின் ரப்பர்களையும் மாற்றியதில் எனக்குக் கிடைத்த குளிர்ச்சி, எந்தக் கேஸும் தராதது.

முழு லோடோடு ஏறும்போது ஏசியை அணைத்துவிடுகிறேன். வெப்ப முள் எழத் தொடங்கினால் ஹீட்டரை முழுதாகத் திறந்து பிளோயரையும் முழு வேகத்தில் விடுவேன். கேபின் அடுப்பாகும், ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை ஹீட்டர் காயில் இழுத்துக்கொள்ளும். பாதுகாப்பாக ஒதுங்கும் இடம் வரை வண்டியைக் கொண்டுசேர்க்க அது உதவியிருக்கிறது. இறக்கத்தில் கியரில் வரும்போது டீசல் எரிவது ஏறக்குறைய நின்றுவிடுவதால் எஞ்சின் ஆறி, ஹீட்டர் மந்தமாகும். அதைக் கோளாறு என்று நினைத்துப் பட்டறைக்குப் போக வேண்டாம்.

மத்திய அரசு 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிவிக்கைப்படி, புதிதாகத் தயாராகும் என்-2, என்-3 வகைச் சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி கட்டாயம். 3.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடை கொண்டவை அவை. அதற்குக் கீழான பிக்கப்புகளுக்கு அந்த விதி இல்லை. நாள் முழுக்க அதே வெயிலில், அதே சாலையில் ஓட்டுகிறவர்கள்தான் பிக்கப் ஓட்டுநர்களும். ஏசியோடு கண்ணாடி மூட்டத்தை விலக்கும் ஹீட்டரையும் சேர்த்து இந்த வண்டிகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மலைக்காகப் பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்கப் போங்கள். ஸ்டார்ட் செய்து சிறிது தூரம் ஓட்டிய பிறகும் வெப்ப முள் அடியிலேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹீட்டரை முழுதாக வைத்துக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். பிறகு குளிருக்கு மாற்றி ஏசியைப் போட்டு, வெயிலில் நிறுத்திக் கால்மணி நேரம் உள்ளேயே உட்காருங்கள். "நேற்றுதான் கேஸ் போட்டேன்" என்று விற்பவர் சொன்னால், ஒழுக்கை அடைத்த பில்லையும் காட்டச் சொல்லுங்கள்.