பழைய பைக்: கன்சல்டிங்கில் வாங்கலாமா, ஓனரிடமே வாங்கலாமா?

என் பழைய ஸ்பிளெண்டரை விற்றது ஒரு கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கடையில். அடுத்த ஸ்பிளெண்டரை வாங்கியது ஓனரிடம் நேராக. இரண்டுக்கும் நடுவில் ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் மனைவியின் ஸ்கூட்டியில்தான் பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவிக்கு வேலைக்குப் போய்வந்தேன். வண்டி தேடி ஏழெட்டுக் கன்சல்டிங் கடைகளில் ஏறி இறங்கியும் இருக்கிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓனர் பக்கம். அதற்குக் காரணம் விலை என்று நினைத்தால், அது தப்பு.

கன்சல்டிங்கின் வசதிகளை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே இடத்தில் இருபது முப்பது வண்டி நிற்கும். பழையதைக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாம். கையில் முழுப்பணம் இல்லையென்றால் ஃபைனான்ஸுக்கு ஆளை அவர்களே கூப்பிடுவார்கள். மதியம் போனால் சாயங்காலம் வண்டியோடு வரலாம். ஓனரிடம் வாங்குவதில் இது எதுவும் கிடையாது. போனில் பேசி, அட்ரஸ் தேடி, மெக்கானிக்கைக் கெஞ்சிக் கூட்டிப்போய், அங்கே போனால் "நேத்துதான் கொடுத்தோம்" என்பார்கள். எனக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போனது.

விலைக்கு வருவோம். 2017 மாடல் ஸ்பிளெண்டர் ஒன்றுக்கு கன்சல்டிங்கில் 47,000 சொன்னார்கள், பேசிப் பேசி 44,000 வரை இறங்கினார்கள். அதே வருடத்து வண்டியை ஓனரிடம் 38,000-க்கு முடித்தேன். ஆறாயிரம் லாபம் என்று துள்ள வேண்டாம். நாலு வாரம் அலைந்த பெட்ரோல், மெக்கானிக்குக்கு ஒவ்வொரு தடவையும் 300 ரூபாய், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் இரண்டாயிரம் போய்விடும். மிச்சம் நாலாயிரம். கன்சல்டிங்காரருக்கும் வாடகை உண்டு, பாலீஷ் போட்ட செலவு உண்டு, வண்டி விற்கும்வரை முடங்கிக் கிடக்கும் பணம் உண்டு. அந்த லாபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

வண்டியின் கண்டிஷன் விஷயத்தில் வித்தியாசம் கொஞ்சம் கூடுதல். அதுவும் நம்ம திருநெல்வேலியில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. தாமிரபரணி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆற்றோரத் தெருக்களில் அன்று மூழ்கிய பைக்குகளை எண்ணிச் சொல்ல ஆள் கிடையாது. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் போட்டிருந்தவர்களுக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா கிடைக்காது. அந்த வண்டிகள் பிறகு எங்கே போயிருக்கும்? சுத்தம் பண்ணி, ஆயில் மாற்றி, யாரோ ஒருவர் தலையில் கட்டத்தான் செய்திருப்பார்கள்.

ஒரு கடையில் கறுப்பு ஸ்பிளெண்டர் ஒன்று கண்ணாடி மாதிரி நின்றது. புது சீட் கவர், புது ஸ்டிக்கர். எனக்குப் பிடித்துவிட்டது. மெக்கானிக் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை. பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஹெட்லைட் டூமைக் கழற்றினார். உள்ளே வயர்கள் சுருண்டு கிடக்கும் குழியில் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரல் நுனியில் முகப் பவுடர் மாதிரி நைசான வண்டல். அப்புறம் சைடு டோரைத் திறந்தார். வயர் கப்ளர்களில் பச்சைக் களிம்பு. "அண்ணாச்சி, இது ஆத்துத் தண்ணி குடிச்ச வண்டி. இன்னைக்கு ஓடும். நாளைக்கு நடுரோட்டுல நிக்கும்" என்றார். கடைக்காரர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "நமக்கு வரும்போதே இப்படித்தான் வந்துச்சு" என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. சிக்கலே அதுதான்.

நான் கடைசியில் வாங்கிய வண்டி சிந்துபூந்துறைப் பக்கம் ஒரு வீட்டில் நின்றது. ஆற்றோரம் என்றதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. காம்பவுண்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு இன்னும் தெரிந்தது. நான் அதைப் பார்ப்பதை ஓனர் பார்த்துவிட்டார். ரிட்டயர் ஆன மனிதர். "அன்னைக்கு ராத்திரியே பையன் வண்டிய மாடிப்படில ஏத்திட்டான் சார், வேணும்னா கழட்டிப் பாத்துக்கிடுங்க" என்றார். கழற்றினோம். டூமுக்குள் சாதாரணத் தூசி, ஒட்டடை, அவ்வளவுதான். பிறகு உள்ளே போய் ஒரு பழைய பேங்க் டைரியைக் கொண்டுவந்தார். எந்தத் தேதியில் ஆயில் மாற்றியது, எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு ரூபாய், எல்லாம் பச்சை மையில் இருந்தது. இப்படி டைரி எழுதும் ஓனர் எல்லோருக்கும் கிடைக்க மாட்டார், அது என் அதிர்ஷ்டம். ஆனால் வண்டி நின்ற வீட்டை, அந்தச் சுவரை, அந்த ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்க முடிந்தது அதிர்ஷ்டத்தால் இல்லை. ஓனரிடம் போனால் அது எப்போதும் முடியும்.

இனி, என்னை ஓனர் பக்கம் தள்ளிய விஷயம். பெயர் மாற்றம்.

2011-ல் எடுத்த என் முதல் ஸ்பிளெண்டரை 17,000 ரூபாய்க்குக் கன்சல்டிங்கில் கொடுத்தேன். ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், ஆதார் நகல் வாங்கினார்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டையும் நீட்டி, பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்துக் கேட்டார்கள். வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. "யாரு எடுக்காங்களோ அவங்க பேரைப் போட்டு மாத்திருவோம் அண்ணாச்சி, பத்து நாள்தான்" என்றார்கள். பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள். ஒரு பேப்பர்கூடக் கேட்காமல் வந்தேன். படித்தவன்தான், என்ன செய்ய.

நாலு மாதம் கழித்து போனுக்கு ஒரு மெசேஜ். ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாய் அபராதம். நான் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். லிங்க்கைத் திறந்தால் போட்டோ: மூன்று பையன்கள், என் வண்டி, டேங்கில் என் மகள் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. கடைக்கு ஓடினேன். "அத அப்பவே பேட்டைல ஒரு ஆளுக்குக் கொடுத்தாச்சு. அவரு ஆலங்குளம் பக்கம் கைமாத்திட்டாராம்." பெயர் மாற்றாமலே வண்டி மூன்று கை தாண்டியிருந்தது. காலி ஃபாரமும் வண்டியோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

அபராதம் ஆயிரத்தோடு போனால் பரவாயில்லை. அந்தப் பையன்கள் யார் மீதாவது மோதினால்? மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் ஓனர். வண்டி பல கை மாறிய ஒரு விபத்து வழக்கில், நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் உயிரோடு இல்லையென்றால் லட்சக்கணக்கில் நம் தலையில் விழும். அதே சட்டத்தின் 50-வது பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவித்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்கிறது. இது எனக்கு வண்டி கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

இது விற்பவன் புலம்பல்தானே, வாங்குபவனுக்கு என்ன என்று கேட்கலாம். அதே கதையை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். கன்சல்டிங்கில் நிற்கும் வண்டியின் ஆர்.சி. பெரும்பாலும் கடைக்காரர் பெயரில் இருக்காது. எங்கேயோ இருக்கும் ஒருவர் பெயரில் இருக்கும். அவருடைய கையெழுத்துப் போட்ட பழைய ஃபாரம்தான் உங்களுக்குக் கிடைக்கும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை, ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகிறது, லோன் கட்டி முடித்தும் ஆர்.சி.யில் ஹெச்.பி. (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு) நீக்கவில்லை என்று ஏதாவது வந்தால், முகம் தெரியாத அந்த ஆளைத் தேடி நீங்கள் அலைய வேண்டும். ஹெச்.பி. நீக்க, ஆட்சேபணை இல்லை என்று பேங்க் கொடுக்கும் என்.ஓ.சி.யும் ஃபாரம் 35-ம் வேண்டும். இரண்டும் அந்த ஆள் வீட்டு பீரோவில் இருக்கும்.

ஓனரிடம் வாங்கும்போது ஆர்.சி.யில் உள்ள ஆளே எதிரில் நிற்கிறார். டைரி மனிதரிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று: "சார், 33,000 இப்போ தாறேன், 5,000 பெயர் மாறினதும் தாறேன்." அவர் அதைவிட உஷார். பிரச்சினை தனக்கு வரக் கூடாது என்று அடுத்த வேலை நாளே என்னோடு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வந்துவிட்டார். சேஸிஸ் நம்பரில் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்ததுகூட அவர்தான். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஏஜென்ட்டுக்கு 1,500 கொடுத்தேன், கொடுக்காமலும் முடித்திருக்கலாம்.

வாங்கிய பிறகான செலவு எந்தப் பக்கம் வாங்கினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்குச் செயின் ஸ்ப்ராக்கெட், பேட்டரி, பின் டயர் எல்லாம் சேர்த்து 4,600 ஆனது. டயரின் பட்டன் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2219 என்றால் 2019-ம் வருடம் 22-வது வாரம் செய்த டயர். பட்டன் நன்றாகவே இருந்தும் ரப்பர் வெடித்திருந்ததால் மாற்றினேன். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸுக்கு 714 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டினேன். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் பண்ணாததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) நமக்கு வராது, அது ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை.

கன்சல்டிங்குக்கே போகக் கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். லோன் போட்டுத்தான் வாங்க முடியும் என்றால் வேறு வழி குறைவு. 2023 ஏப்ரல் முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது. ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கிய டீலரிடம் வண்டியை ஒப்படைத்து ஃபாரம் 29சி-யில் தெரிவித்துவிட்டால், அதிலிருந்து வண்டிக்குப் பொறுப்பு டீலர்தான். அந்தச் சான்றைக் கண்ணில் காட்டும் கடையாக இருந்தால் என் பயத்தில் பாதி போய்விடும். நான் ஏறி இறங்கிய கடைகளில் கேட்டபோது சிரித்தார்கள். எல்லாக் கடையும் அப்படி என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ஆப் மூலம் விற்கும் கம்பெனிகளிடமும் நான் வாங்கியதில்லை. புல்லட் மாதிரிப் பெரிய வண்டிகளுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையும் அதை வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். செங்கோட்டைப் பக்கம் மலிவாக வரும் கேரள நம்பர் வண்டி மட்டும் வேண்டாம். என்.ஓ.சி., இங்கே புதிதாக வரி, புது நம்பர் என்று மலிவு முழுவதும் கரைந்துவிடும்.

இப்போது வாங்குபவர்களுக்கு இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. புது வண்டி விலை இறங்கிய பிறகும் பழைய வண்டிக்கு அதற்கு முந்தைய விலையையே சொல்கிறார்கள், கன்சல்டிங், ஓனர் இரண்டு பேரும்தான். ஷோரூமில் ஒரு கொட்டேஷன் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

டைரி மனிதரிடம் வாங்கிய வண்டி பதினெட்டு நாளில் என் பெயருக்கு வந்துவிட்டது. மெசேஜ் எனக்கு முன்னால் அவருக்குப் போயிருக்கிறது. "சார், மாறிட்டு! அந்த அஞ்சாயிரத்த நேர்ல கொண்டாங்க, காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்று போன் பண்ணினார்.

2011 வண்டி விஷயம் இன்னும் முடியவில்லை. விற்றதை எழுத்தில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்திருக்கிறேன். 2026-ல் அதற்குப் பதினைந்து வருடம் முடிகிறது, ஆர்.சி. ரினியூவலுக்காவது யாராவது என்னைத் தேடி வந்தாக வேண்டும். மாதம் ஒருமுறை அதன் நம்பரை அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டுப் பார்ப்பேன். போன வாரம் பார்த்தபோதும் பாதி நட்சத்திரக் குறிகளோடு என் பெயர்தான் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் இன்சூரன்ஸை மட்டும் புதுப்பித்திருக்கிறார்.